இந்தப் பக்கத்தை நம்பாதே

அக்காவிடம் வழி கேட்டால் உடனே வழி சொல்லிவிட மாட்டார். முதலில் நம்மைக் கேள்வி கேட்பார். விழுப்புரம் புது பஸ் ஸ்டாண்டில் ஒருமுறை, மல்லாட்டை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு அம்மாள் வந்து, காணை பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டார். அக்கா கையை நீட்டிக் காட்டியிருந்தால் வேலை முடிந்தது. அவரோ, காணையில் யாரைப் பார்க்கப் போகிறீர்கள், இறங்கி எந்தப் பக்கம் நடக்க வேண்டும், கூட ஆள் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குள் பஸ் கிளம்பிப் போய்விட்டது.

"பஸ்ஸு எங்கன்னு கேட்டா என் ஜாதகத்தையே கேக்கறியேம்மா" என்று அந்த அம்மாள் மூட்டையைத் தரையில் போட்டார்.

அக்கா சிரிக்கவில்லை. அந்த அம்மாள் போக வேண்டியது காணைக்கே இல்லை, அதற்கு முன்னால் ஒரு கிளைச் சாலையில் இறங்க வேண்டும், போன வண்டி அங்கே நிற்காது என்பதைக் கண்டுபிடித்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. அடுத்த வண்டி வரும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, ஏற்றிவிட்டு, கண்டக்டரிடமும் சொல்லிவிட்டு வந்தார். நாங்கள் ஏற வேண்டிய திண்டிவனம் வண்டியும் போயிருந்தது.

"கையக் காட்டி உட்டுருந்தா அது தப்பான எடத்துல எறங்கி நின்னுருக்கும் தம்பி. அங்க யாரப் போய்க் கேக்கும்?" என்றார்.

அப்போது அவர் முகத்தில் இருந்ததை அக்கறை என்று நினைத்துக்கொண்டேன். அது பயம் என்பது பிறகுதான் தெரிந்தது.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லாரியில் கிளீனர், கல் உடைக்கும் கிரஷர், திருப்பூரில் சாயப்பட்டறை என்று எங்கேயும் கால் தரிக்காமல் சுற்றிவிட்டு, மயிலத்துக்கும் கூட்டேரிப்பட்டுக்கும் நடுவில் இருந்த ஒரு தனியார் பால் குளிரூட்டும் நிலையத்தில் வந்து விழுந்தேன். சம்பளம் குறைவு. படுக்க இடமும் ஒரு வேளைச் சோறும் உண்டு. எனக்கு அது போதும்.

சுற்று வட்டார ஊர்களிலிருந்து கேனில் வரும் பாலை அங்கே குளிர வைத்து டேங்கர் லாரியில் ஏற்றி அனுப்புவோம். குளிர வைப்பது அமோனியா. நாங்கள் கேஸு என்போம். குழாய்க்குள் இருக்கும் வரை அது சாது. வெளியே வந்தால் முதலில் கண்ணைப் பிடிக்கும், அப்புறம் தொண்டை, அப்புறம் மூச்சு. நான் சேர்ந்த அன்றே மெக்கானிக் அண்ணன் பழைய துணியை அதில் கொஞ்சம் நனைத்து என் மூக்கருகே காட்டினார். முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இந்த வாடை வந்தால் யோசிக்காதே, ஓடு என்றார். அன்றிலிருந்து தூக்கத்திலும் எனக்கு ஒரு காது, கேஸை இழுத்து அழுத்தும் கம்ப்ரசர் மெஷின் சத்தத்தின் மேலேயே இருந்தது. சத்தம் கொஞ்சம் மாறினாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். கிரஷரிலும் ஆபத்து இருந்தது, ஆனால் அங்கே கல் விழுவது கண்ணுக்குத் தெரியும்.

ஒரு நாள், மெஷின் சுவிட்சுகள் இருக்கும் பேனல் ரூமில் கம்ப்யூட்டர் கொண்டுவந்து வைத்தார்கள். எந்த அறையில் கேஸ் கசிகிறது, எந்த மெஷினில் அழுத்தம் ஏறுகிறது என்பதெல்லாம் திரையில் பெட்டி பெட்டியாகத் தெரியும். ஏதாவது கோளாறென்றால் அந்தப் பெட்டி சிவந்து கத்தும். அந்தப் பெட்டியின் மேல் மவுஸை வைத்து எஃப் ஒன் பட்டனை அழுத்தினால், அந்தக் கோளாறுக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஒரு பக்கம் திறக்கும். விழுப்புரத்தில் ஒரு கடைக்கு மேலே சின்ன அறையில் நடந்த கம்பெனி அதைச் செய்து கொடுத்தது. அந்தப் பக்கங்களை எழுதி, எந்தப் பெட்டிக்கு எந்தப் பக்கம் என்று பொருத்துவதுதான் அக்காவின் வேலை. திரையின் மூலையில் சின்னதாக ஒரு கேள்விக்குறியும் இருக்கும். அதனால் நாங்கள் அவருக்குக் கேள்விக்குறி அக்கா என்று பேர் வைத்தோம். இரண்டாவது காரணத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

திண்டிவனத்துக்காரர். அண்ணன் வீட்டில் இருந்தார். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை. நாற்பது வயது இருக்கலாம். பேசும்போது நம் முகத்தைப் பார்க்க மாட்டார், நம் காலைப் பார்ப்பார், எங்கே நிற்கிறோம் என்று.

மற்ற கம்பெனிக்காரர்கள் வந்தால் பேனல் ரூமில் ஏசியைப் போட்டு உட்கார்ந்து வேலையை முடித்துப் போவார்கள். இவர் வந்த முதல் நாள் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. கம்ப்ரசர் ரூமில் போய் நின்றார். ஐஸ் டேங்க் ரூமில் போய் நின்றார். தண்ணீர்த் தொட்டிக்குள் கேஸ் குழாய்கள் வளைந்து வளைந்து ஓடும் அறை அது. சிலுசிலுவென்று இருட்டாக இருக்கும். ஒவ்வொரு இடத்திலும் நின்று என்னைக் கூப்பிட்டு, இங்கே கேஸ் வந்தால் உன் கை முதலில் எங்கே போகும் என்று கேட்டார். தெரியாது என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். அந்தப் பதிலைத்தான் எதிர்பார்த்தவர் மாதிரி இருந்தது.

எனக்குத் தெரிந்த வரை அவர் சொன்ன கணக்கு இது. பெட்டிக்கு ஒரு நம்பர் உண்டு. பக்கத்துக்கும் ஒரு நம்பர் உண்டு. இரண்டும் ஒன்றானால்தான் பெட்டிக்கு உரிய பக்கம் திறக்கும். நடுவில் யாராவது புதிதாக ஒன்றைச் செருகினால் வரிசை தள்ளிப் போகும். அப்போதும் பக்கம் திறக்கும், எழுத்தெல்லாம் நன்றாகவே இருக்கும். ஆனால் அது வேறொரு கோளாறுக்கு எழுதியதாக இருக்கும். தப்பென்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. படிக்கிறவனுக்கும் தெரியாது.

எழுதியதைச் சரி பார்க்க அவர் வைத்திருந்த வழக்கம்தான் வேடிக்கை. எங்களை வாசல் கேட்டிலிருந்து பேனல் ரூம் வரை ஓடி வரச் சொல்வார். வந்து மூச்சு வாங்கும்போதே பட்டனை அழுத்திப் படிக்க வேண்டும். படித்ததும் திரையை மூடிவிட்டு, என்ன செய்வாய் என்பார். பால் கேன் இறக்க வந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். "இன்னாக்கா, போலீஸ் செலக்‌ஷனா?" என்று ஒருத்தர் கத்தினார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன் என்பதால் என்னைத்தான் அதிகம் ஓடவிட்டார். நான் திக்கிய சொல்லையெல்லாம் அடித்தார். கடைசியில் ஒரு பக்கத்துக்கு இரண்டே வரி நின்றது.

"பயந்துக்கினு படிக்கறவன் மூணாவது வரிக்கு வர மாட்டான்" என்றார்.

அந்த இரண்டு வரியில் முதல் வரி என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லாது. அதில்தான் அவர் யார் என்பது இருந்தது. கேஸ் கசியக்கூடிய ஒவ்வொரு அறையின் கதவுக்கு மேலும் ஒரு சிவப்பு விளக்கு வைக்கச் சொல்லி எங்கள் முதலாளியிடம் மன்றாடி வாங்கினார். கசிவு வந்தால் கம்ப்யூட்டரைக் கேட்காமல் அந்த விளக்கு தானே எரியும். பேனல் ரூம் கண்ணாடி வழியே பார்த்தால் எல்லா விளக்கும் தெரியும். ஐஸ் டேங்குக்கான பக்கத்தில் முதல் வரி இப்படி இருந்தது: "ஐஸ் டேங்க் கதவு மேல விளக்கு எரியுதா பார். எரியலன்னா இந்தப் பக்கத்தை நம்பாதே." அதற்குக் கீழேதான் செய்ய வேண்டிய வேலை. எல்லாப் பக்கமும் இப்படித்தான் ஆரம்பிக்கும்.

தான் எழுதியதையே நம்பாதே என்று எழுதுகிற ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயிலை விட்டு வெளியே வந்ததும் எனக்குப் போன் செய்வார். பின்னால் ஜனங்கள் பேசும் சத்தம் கேட்கும். எல்லா விளக்கையும் போட்டுப் பார்க்கச் சொல்வார். ஒன்று எரியவில்லை என்றால் போனை வைக்க மாட்டார். நான் ஏணி போட்டு, வேறு பல்பு மாட்டி, எரிகிறது என்று சொல்லும் வரை வெயிலில் நின்றுகொண்டிருப்பார். மெக்கானிக் அண்ணன் என்னைக் கிண்டல் செய்வார், சாமி கும்பிட்டுவிட்டு உனக்குத்தான் பிரசாதம் போடுகிறது என்று. எனக்கும் அது பேஜாராகத்தான் இருந்தது. எனக்குக் காய்ச்சல் என்று ஒருமுறை அவரிடம் சொல்லி, என்ன மாத்திரை போடலாம் என்று கேட்டுவிட்டேன். எங்கே வலிக்கிறது, என்ன சாப்பிட்டாய், தண்ணீர் எங்கே குடித்தாய் என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் மாத்திரை பேர் சொல்லாமலே, டாக்டரிடம் போ என்று வைத்துவிட்டார். ஆனால் மாலையில் திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறி வந்து, என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்.

ஏன் இப்படி என்று கூட்டேரிப்பட்டு கூட்டு ரோட்டு டீக்கடையில் வைத்து ஒரு நாள் கேட்டேன். அவர் திண்டிவனம் வண்டிக்காகக் காத்திருந்தார். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. டீயைக் கையில் வைத்துக்கொண்டு, லாரி சத்தம் அடங்கும் இடைவெளிகளில் சொன்னார்.

இதற்கு முன் ஒரு அரிசி ஆலைக்கு இதே மாதிரி எழுதியிருக்கிறார். நெல் அவிக்கிற பாய்லரில் தண்ணீர் வற்றினால் ஒரு பெட்டி கத்தும். அப்போது நெருப்பை வெளியே இழுத்துவிட்டு விலகிப் போக வேண்டும். காய்ந்த இரும்பில் தண்ணீர் பட்டால் வெடித்துவிடும். அடுத்த பெட்டி மேல்தொட்டியில் தண்ணீர் குறைந்தால் கத்துவது. அதற்குப் பம்பைப் போட்டால் போதும். இரண்டுக்கும் பக்கம் எழுதி, சரியாகப் பொருத்திக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். பிறகு ஆபீசில் யாரோ நடுவில் ஒரு புதுப் பெட்டியைச் செருகியிருக்கிறார்கள். வரிசை ஒன்று தள்ளிப் போனது. பாய்லர் வற்றிக் கத்தியபோது அங்கே இருந்தவர் பட்டனை அழுத்தினார். பம்பைப் போடு என்று பக்கம் சொன்னது. போட்டார்.

"ஆளு பொழச்சிக்கினாரு" என்றார் அக்கா. "ஆஸ்பத்திரிக்குப் பாக்கப் போனேன். மொகமெல்லாம் கட்டு. யார்னு சொன்னேன். நீங்க எழுதுனதாம்மா அது, நல்லாப் புரியற மாதிரி இருந்துச்சிம்மா, பாத்த ஒடனே பண்ணிட்டேன்னாரு."

டீயில் ஆடை படிந்துவிட்டது. அவர் குடிக்கவே இல்லை.

"கோவப்பட்டுருந்தா தேவலாம். நல்லாப் புரிஞ்சிதுன்னு சொல்றாரு. கொஞ்சம் புரியாம எழுதியிருந்தா யோசிச்சிருப்பாரு இல்ல?"

வண்டி வந்தது, ஏறிப் போனார். அன்று பேனல் ரூமுக்குத் திரும்பி அந்தத் திரையில் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து முதல் வரியைப் படித்துப் பார்த்தேன். அதுவரை கேஸுக்கு மட்டும் பயந்தவன், அன்றிலிருந்து எழுத்துக்கும் பயந்தேன்.

விழுப்புரம் ஆபீசின் முதலாளிக்கு அந்த முதல் வரி பிடிக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை, அவசரக்காரர். என்னைப் படித்துக் காட்டச் சொல்லி அக்கா ஒருமுறை அங்கே கூட்டிக்கொண்டு போனார். பஸ் ஸ்டாண்டில் வண்டியைத் தவறவிட்டதும் அன்றுதான். நான் உட்கார்ந்திருக்கும்போதே அவர் அக்காவிடம் பேசினார்.

"ஏம்மா, நம்ம சாஃப்ட்வேரே என்ன நம்பாதன்னு சொன்னா எவம்மா வாங்குவான்? ஓட்டல் வாசல்ல இங்க சாப்புடாதன்னு போர்டு வெக்கற மாதிரி இருக்குது."

அக்கா பதிலுக்கு, ஓட்டலில் விஷம் இல்லை என்று யார் பார்த்தது சார் என்றார். அவர் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. அந்த வரி இருக்கட்டும் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். நம்பர் சரியாக இருந்தால் அந்த வரி எதற்கு என்பது முதலாளியின் கேள்வி. நம்பர் என்றைக்கு மாறும் என்று யாருக்குத் தெரியும் என்பது அக்காவின் கேள்வி. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பதில் சொல்லவே இல்லை.

கத்திரி வெயில் காலத்தில் பால் இறக்கும் மேடையிலும் கேஸ் கசிவைக் காட்டும் கருவி ஒன்றைப் புதிதாக வைத்தார்கள். அதற்காக ஆபீசிலிருந்து சாஃப்ட்வேரின் புதுப் பதிப்பு வந்தது. ஆள் வரவில்லை. அங்கிருந்தபடியே போட்டுவிட்டார்கள். மறுநாள் காலை நான் சும்மா ஒரு பெட்டியின் மேல் மவுஸை வைத்து எஃப் ஒன்னை அழுத்திப் பார்த்தேன். பக்கம் அழகாக, பெரிய எழுத்தில், நீல வரம்போடு வந்தது. ஏதோ குறைந்த மாதிரி இருந்தது. இன்னொரு பெட்டியில் பார்த்தேன். பிறகு அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அக்கா, மொத வரியக் காணோம்."

அந்தப் பதிப்பில் தன் கை படவில்லை, வேறு ஒருவர் செய்தது என்றார். வருகிறேன் என்று வைத்துவிட்டார்.

மதியத்துக்கு மேல் வந்தார். கூட்டு ரோட்டிலிருந்து ஆட்டோவுக்குக் காத்திராமல் நடந்தே வந்திருக்கிறார், புடவையெல்லாம் புழுதி. மெக்கானிக் அண்ணன் பெல்ட் வாங்கத் திண்டிவனம் போயிருந்தார். உள்ளே நானும், கேட்டில் வாட்ச்மேனும்தான். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு எழுந்தார். முதலில் பக்கங்களைத் திறந்து பாருங்கள் என்றேன்.

"அங்க போய் நின்னுட்டு வந்துடறேன் தம்பி. நிக்காம பாத்தா எல்லாம் சரியாத்தான் தெரியும்."

அது அவர் வழக்கம். எப்போதும் முதலில் இடம், அப்புறம் எழுத்து. போனில் என்னைக் கூப்பிட்டு, வைக்காமல், பேசிக்கொண்டே போனார். நான் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேடையில் நின்று ஏதோ சொன்னார். கம்ப்ரசர் ரூமில் நின்றபோது மெஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஐஸ் டேங்க் ரூமுக்குள் போனார். இங்கே எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கிறது, வெளியே வரவே மனசில்லை என்றார். அவர் அப்படிச் சாதாரணமாக ஒரு வார்த்தை பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அந்த வெயிலில் மெஷின் நாளெல்லாம் இழுத்துக்கொண்டு ஓடியது. ஐஸ் டேங்கின் வாய்ப்பக்கம், கதவுக்கு அருகில், பழைய வால்வு ஒன்று இருந்தது. அதன் உள் அடைப்பு அப்போது விட்டுப்போயிற்று. பட்டென்று சத்தம் கேட்டதாக எனக்கு நினைவு. போன் வழியே கேட்டதா, நேரிலா என்று தெரியாது. திரையில் ஒரு பெட்டி சிவந்து கத்த ஆரம்பித்தது.

"தம்பி, கேஸு" என்றார் அக்கா போனில். குரல் அமைதியாகத்தான் இருந்தது.

என் தலைக்குள் ஒன்றுமே இல்லை. ஓடு என்று காலும், நில் என்று கையும் சொன்னது. எஃப் ஒன்னை அழுத்தினேன். பக்கம் திறந்தது. பெரிய எழுத்தில், நீல வரம்புக்குள், எழுத்துக் கூட்ட வேண்டிய அவசியமே இல்லாமல் சுலபமாக இருந்தது: "கம்ப்ரசரை உடனே நிறுத்து. வெளியே ஓடு."

நிறுத்தும் பட்டன் பேனலில் என் கைக்கெட்டும் இடத்தில், சிவப்பாக, காளான் மாதிரி இருந்தது. கையை அதன் மேல் வைத்துவிட்டேன். உள்ளங்கையில் அதன் குளிர்ச்சி இன்றும் இருக்கிறது. அழுத்தத்தான் போனேன். ஆனால் கண் பழக்கத்தில் அந்த வாக்கியத்துக்கு மேலே போனது. கேட்டிலிருந்து எத்தனையோ தடவை ஓடி வந்து படித்த கண் அது, முதலில் ஒரு கேள்வி இருக்கும் என்று தேடியது. அங்கே நீல வரம்புதான் இருந்தது. எனக்குக் கேட்கத் தெரிந்த ஒரே கேள்வி வாயில் வந்தது.

"அக்கா, எங்க நிக்கிறீங்க?"

"டேங்குக்குப் பின்னால. ஜன்னலாண்ட." இருமினார். "கதவாண்ட வெள்ளையா வந்துக்கினு இருக்குது, போவ முடியல. ஸ்கிரீன்ல இன்னா வந்துருக்குது?"

"மெஷின நிறுத்துன்னு."

"மொத வரி?"

"இல்லக்கா."

"அப்ப நம்பாத" என்றார். அதற்கப்புறம் இருமல் மட்டும்தான் வந்தது.

கண்ணாடி வழியே பார்த்தேன். ஐஸ் டேங்க் கதவு மேல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கம்ப்ரசர் ரூம் விளக்கு எரியவில்லை. திரையில் இருந்தது கம்ப்ரசர் ரூமில் கசிந்தால் செய்ய வேண்டியது. ஐஸ் டேங்கில் கசிந்தால் மெஷினை நிறுத்தவே கூடாது. மெஷின் ஓடும் வரை அது குழாயில் இருக்கும் கேஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும். நிறுத்தினால் குழாயில் இருப்பதெல்லாம் ஓட்டை வழியாக அந்த அறைக்குள்தான் வரும். பழைய பக்கத்தின் இரண்டாவது வரி அப்போதுதான் எனக்குள் வந்தது: மெஷினை நிறுத்தாதே, பெரிய தொட்டி வால்வை மூடு.

பட்டனிலிருந்து கையை எடுத்தேன். அதை எடுத்ததுதான் கஷ்டம், மற்றதெல்லாம் ஓட்டம். கம்ப்ரசர் ரூமில் போய், கேஸைச் சேர்த்து வைக்கும் பெரிய தொட்டியின் வால்வுச் சக்கரத்தைச் சுற்றி மூடினேன். ஈரச் சாக்கை முகத்தில் சுற்றிக்கொண்டு நானும் வாட்ச்மேனும் கட்டடத்தின் பின்பக்கம் போனோம். வாட்ச்மேன் கடப்பாரையால் ஜன்னல் கம்பியை நெம்பினார். உள்ளே வெள்ளையாக இருந்தது. அக்காவின் கை முதலில் தெரிந்தது, போனை விடாமல் பிடித்திருந்தது. இழுத்து வெளியே போட்டு, பால் கேன் கழுவும் குழாயைத் திறந்து முகத்தில் விட்டுக்கொண்டே இருந்தோம். கண்ணைத் திறக்கச் சொன்னால் திறக்க மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

மேடைக்கு எழுதிய புதுப் பக்கத்தை, பால் முதலில் வருவது அங்கேதானே என்று, வரிசையில் முதலாவதாகச் செருகியிருக்கிறார்கள். பக்கங்கள் எல்லாம் ஒன்று தள்ளிப் போயின. பெட்டிகள் பழைய நம்பரிலேயே நின்றன. விழுப்புரம் முதலாளி மறுநாளே வந்து எங்கள் வாசலில் நின்று அழுதார். அதைப் பார்க்கவும் கஷ்டமாகத்தான் இருந்தது.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்காவின் கண்ணில் கட்டு இருந்தது. பார்வை வந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், ஒரு கண்ணுக்கு நாளாகும். தொண்டை வெந்து குரல் காற்றாக வந்தது. அவருடைய அண்ணன் மனைவி இளநீர் வெட்டிக்கொண்டிருந்தார். நான் கட்டிலருகே போய் நின்றதும் வழக்கம் போல் கேட்பார் என்று நினைத்தேன், எங்கே நிற்கிறாய் என்று. அவர் கேட்டது வேறு.

"உன் கை எங்க இருந்துச்சி?"

பொய் சொல்லியிருக்கலாம். அவரிடம் பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது?

"செகப்பு பட்டன் மேல."

"அமுக்கியிருப்பியா?"

"அமுக்கியிருப்பேங்க்கா. பாத்த ஒடனே புரிஞ்சிச்சி."

அவர் கட்டுப் போட்ட கண்ணோடு முகத்தைக் கூரைப் பக்கம் வைத்தபடி படுத்திருந்தார். கம்ப்ரசரை உடனே நிறுத்து, வெளியே ஓடு. அந்த இரண்டு சின்ன வாக்கியமும் அவர் எழுதியதுதான். என்னை ஓடவிட்டு, நான் திக்கிய சொல்லையெல்லாம் அடித்து அடித்து அவர் செதுக்கியது.

"நல்லாத்தான் எழுதியிருக்கேன்" என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அண்ணன் மனைவி கொடுத்த இளநீரை நான்தான் குடித்தேன்.

அதன் பிறகு அவர் யாருக்கும் எதுவும் எழுதவில்லை என்று கேள்விப்பட்டேன். ஞாயிற்றுக்கிழமை போனும் வரவில்லை. நானாக ஒன்றிரண்டு தடவை கூப்பிட்டேன். அண்ணன் மனைவிதான் எடுத்தார், தூங்குகிறார் என்றார். பட்டப்பகலில் தூங்குகிற ஆள் இல்லை அவர். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் நானும் அந்த வேலையை விட்டுவிட்டேன்.

நடுவில் எங்கெங்கோ போய்விட்டு, இப்போது மரக்காணம் பக்கம் மீனுக்கு ஐஸ் போடும் ஒரு கம்பெனியில் இருக்கிறேன். இங்கேயும் அதே கேஸ், அதே மெஷின். திரை மட்டும் புதுசு. இங்கே எஃப் ஒன் எல்லாம் இல்லை. கீழே ஒரு கட்டம் இருக்கிறது, அதில் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். தமிழிலேயே கேட்கலாம். கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிடும், மரியாதையாக, தெளிவாக, வரிசையாக. என்னோடு ஷிப்டு பார்க்கிறவருக்கு அதன் மேல் அவ்வளவு நம்பிக்கை. போன வாரம் ஒரு அழுத்தமானியில் முள் ஏறியது. அவர் கேட்டார், அது சொன்னது, உடனே எழுந்துவிட்டார். நான் திரையில் அந்தப் பதிலுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். அது எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் இரண்டு மெஷினில் எது என்று கூடக் கேட்கவில்லை.

"இன்னாண்ணா பாக்கற? அதான் சொல்லிடிச்சே" என்றார் அவர், கையை வால்வுப் பக்கம் கொண்டுபோய்க்கொண்டே.

அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"இரு. நாம எங்க நிக்கறோம்னு அதுக்குத் தெரியுமா?"